பெய்ததாகக் கருதப்பட்ட மழை

மழை பெய்கிறதோ இல்லையோ, பெய்தால் அதைப் பிடித்து வைக்க ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் தமிழ்நாடு முழுக்க அந்த ஏற்பாடு நடந்தது. வீடு, கடை, கல்யாண மண்டபம், மாட்டுக்கொட்டகை என்று கூரை உள்ள இடத்திலெல்லாம் கூரையிலிருந்து ஒரு குழாய் இறங்க வேண்டும். குழாய் இறங்கும் இடத்தில் ஒரு குழி இருக்க வேண்டும்.

கருங்குழிக்குக் கிழக்கே உள்ளடங்கி இருக்கும் தாழையூரிலும் குழி தோண்டினார்கள். அந்த ஊரில் இரண்டு வருஷமாக மழை இல்லை. ஆகவே தோண்டும் வேலை எந்த இடைஞ்சலும் இல்லாமல் நடந்தது.

கொஞ்ச நாளில் அது ஒரு நாகரிகமாகவும் ஆகிவிட்டது. குழாய்க்கு நீலப் பெயின்ட் அடித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பு குழாயைப் பார்த்தார்கள். வசதியானவர்கள் தேவைக்கு மேல் ஒரு குழாய் வைத்துக்கொண்டார்கள். வசதியில்லாதவர்கள் குழாயை மட்டும் வைத்துவிட்டுக் குழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஊரின் ஒரே கைப்பம்பில் மட்டும் ஐம்பது தடவை அடித்தால் ஒரு சொம்பு தண்ணீர் வந்தது. அது பழைய காலத்து ஏற்பாடு என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பணியை மேற்பார்வை செய்யச் சிறப்பு அலுவலராக வந்தவர் ஜானகிராமன். நல்ல மனிதர். லஞ்சம் வாங்க மாட்டார். யார் வீட்டிலும் ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார். இதனால் அவரிடம் ஒரு காரியமும் நடக்காது என்று ஊரில் எல்லோரும் பயந்தார்கள்.

அவர் எல்லப்பனுடைய டூரிங் டாக்கீஸுக்கு வந்தது ஆவணி மாதம் ஒரு காலை வேளையில். கீற்றுக் கொட்டகை. முன்னால் மணல் தரை, நடுவில் பெஞ்சு, பின்னால் சில சேர்கள். எல்லப்பனின் மனைவி பூங்கொடி டிக்கெட் கொடுப்பாள். வரதன் என்பவன் மிஷின் ஓட்டுவான். டிவி வந்த பிறகு கூட்டம் குறைந்து, இப்போது வெயிலுக்கு ஒதுங்குபவர்கள்தான் அதிகம் வந்தார்கள்.

ஜானகிராமன் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கூரை இருக்கிறது. குழாய் எங்கே?"

"சார், இது கீத்துக் கூரை" என்றான் எல்லப்பன். "பேஞ்சா நேரா உள்ளதான் ஒழுவும். குழாய்க்குன்னு தண்ணி இன்னா மிஞ்சப் போவுது?"

"ஒழுகுவது உங்கள் சொந்த விஷயம். சேகரிப்பது அரசாங்க விஷயம். இரண்டையும் குழப்பாதீர்கள். மாதக் கடைசிக்குள் குழி இல்லை என்றால் சீல் வைப்போம்."

"மழையே இல்லியே சார்."

"மழை இல்லாத காலத்திலேயே உங்களால் ஒரு குழி தோண்ட முடியவில்லை. மழை வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?"

எல்லப்பன் தன் கீற்றுக் கூரையை அண்ணாந்து பார்த்தான். 

கொட்டகையைக் காப்பாற்ற வேண்டுமானால் குழி வேண்டும்; குழி வேண்டுமானால் நாலு பேர் படம் பார்க்க வர வேண்டும். எல்லப்பன் செங்கல்பட்டுக்குப் போய், கையில் இருந்த காசுக்குக் கிடைத்த படப் பெட்டியை எடுத்து வந்தான். அந்தப் படத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எடுத்தவர்களே அதை மறந்துவிட்டார்கள். மடக்கிய குடையைக் கையில் வைத்துக்கொண்டே மழையில் நனையும் ஒரு நாயகனும், அதைச் சுட்டிக்காட்டாமல் கூடவே நனையும் ஒரு நாயகியும் அதில் இருந்தார்கள்.

முதல் நாள் மாட்டினி ஷோ. மணல் தரையில் முந்தானையை விரித்துப் படுத்திருந்தாள் கன்னியம்மா. ஏரிக்கு அடியில் அவளுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. புருஷன் இறந்த பிறகு அவள்தான் அதைப் பார்த்துக்கொள்கிறாள். இந்த வருஷம் எப்படியும் மழை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் நாற்று விட்டிருந்தாள். விடிந்ததிலிருந்து கைப்பம்பு அடித்துக் குடம் குடமாக நாற்றங்காலுக்குச் சுமந்துவிட்டு, கையும் இடுப்பும் விட்டுப்போய், படுக்க நிழல் தேடி வந்தவள். படம் ஆரம்பிக்கும் முன்பே தூங்கிவிட்டாள்.

இன்டர்வெல் முடிந்து மழைப் பாட்டு வந்தது. கன்னியம்மா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"எவன்டா அவன், மூஞ்சி மேல துப்பறது?"

யாரும் துப்பவில்லை. இன்னொரு சொட்டு விழுந்தது. பிறகு சடசடவென்று பத்து இருபது. பிறகு நிஜமாகவே கொட்ட ஆரம்பித்தது. பெஞ்சில் இருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். மேலே மிஷின் அறை வாசல் வழியாக எட்டிப் பார்த்த வரதன், ஜனங்கள் பாட்டுக்கு ஆடுகிறார்கள் என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

பூங்கொடி ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள். கீற்று இடுக்கில் வெயில் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் மேலிருந்து வரவில்லை. திரையிலிருந்து சாய்வாக, காற்றோடு சேர்த்து அடித்துக்கொண்டிருந்தது.

"யோவ்! படம் ஒழுவுதுய்யா!" என்று கத்தினாள்.

பாட்டு முடிந்தது, மழையும் நின்றது. எல்லப்பன் நனைந்த சட்டையோடு மேலே ஓடிப் போய் அந்த ரீலை மறுபடி போடச் சொன்னான். மறுபடி பெய்தது. மூன்றாம் தடவை போடச் சொன்னது ஊர்.

சில நுட்பங்கள் அன்றைக்கே புரிந்துவிட்டன. நாயகன் முகத்தைக் கிட்டத்தில் காட்டும்போது தூறல்தான் வரும். தூரத்தில் மலையையும் வயலையும் காட்டினால் கொட்டும். ஆகவே நாயகன் வரும்போதெல்லாம் தரை டிக்கெட்டிலிருந்து, "மூஞ்ச காட்டாதடா! மலைய காட்டு, மலைய காட்டு!" என்று சத்தம் கிளம்பியது. திரையில் இருந்தவர் அதைக் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து ஜனங்கள் குடத்தோடு படம் பார்க்க வந்தார்கள். குடத்துக்கு டிக்கெட் உண்டா என்று பூங்கொடிக்குச் சந்தேகம். மடியில் வைத்துக்கொண்டால் இல்லை, பெஞ்சில் வைத்தால் உண்டு என்று ஒரு முடிவுக்கு வந்தாள். மணல் தரையிலிருந்து ஏரிக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஒரு பாட்டுதான் ஓடியது. நாயகனும் நாயகியும் கடைசியில் சேர்ந்தார்களா, இல்லையா என்று ஒருத்தர் கூடக் கேட்கவில்லை. ஏரியின் அடிவெடிப்பு மூடியது. ஒரு தவளை கூட வந்து சேர்ந்தது; எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, படத்தில் தவளை இல்லை.

கன்னியம்மாவின் நாற்றங்கால் பச்சையாக எழுந்து நின்றது. அவள் தினமும் வந்து, திரைக்கு நேராக நின்று, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். "அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்" என்பாள். அவள் சொன்னது நாயகியை. "எம்மாந்நேரம் நனையுது பாவம், ஜுரம் வந்துடப் போவுது."

மாதக் கடைசியில் ஜானகிராமன் சீல் வைக்க வந்தார். கொட்டகை வாசலில் ஓடிய வாய்க்காலைப் பார்த்தார்.

"இது என்ன தண்ணீர்?"

"மழைத் தண்ணி சார்" என்றான் எல்லப்பன் பெருமையாக.

"இந்தப் பகுதியில் மழை இல்லை. வானிலை அறிக்கை என்னிடம் இருக்கிறது."

"வானத்துல இல்ல சார். படத்துல."

உள்ளே அழைத்துப் போய்ப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். ஜானகிராமன் தலை முதல் கால் வரை நனைந்தார். ஆனால் அவர் ஆச்சரியப்படவில்லை. அவர் பதவியில் இருப்பவர்கள் ஆச்சரியப்பட வேண்டுமானால் மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். சீல் வைப்பதைத் தள்ளிவைத்துவிட்டு, அதை அன்றே எழுதினார்.

மேலிடத்தில் மூன்று துறைகளைக் கூட்டினார்கள். மழை என்பது தங்கள் பொறுப்பே அல்ல, தரையில் விழுந்த பிறகுதான் தங்களுக்கு அதோடு சம்பந்தம் என்றது நீர்ப்பாசனம். டிக்கெட் வாங்கியவர் மேல் விழும் நீர் கேளிக்கை என்றது வருவாய். பார்ப்பதுதான் கேளிக்கை, நனைவது கேளிக்கையா என்பதற்கு முன்னுதாரணம் இல்லை என்றது வரிப்பிரிவு. கூட்டம் நாஸ்தாவுக்காகக் கலைந்து, நாஸ்தா முடிந்து மறுபடி கூடியது. அப்போது ஓர் இளைய அதிகாரி, படத்தின் தணிக்கைச் சான்றிதழை யாராவது பார்த்தார்களா என்று கேட்டார்.

பார்த்தார்கள். பெரிய எழுத்தில் 'ஏ' என்று இருந்தது. வயது வந்தோருக்கு மட்டும். அந்தச் சான்றிதழுக்குக் காரணமே அந்த மழைப் பாட்டுதான்.

எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. பிரச்சினைக்குக் கடைசியில் ஒரு விதி கிடைத்துவிட்டது.

மேற்படி நீர் வயது வந்தோர் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது என்று தாழையூரில் தண்டோரா போட்டார்கள். பதினெட்டு நிரம்பாத யாரும் அதைக் குடிக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, ஏரிக்கரையில் நின்று உற்றுப் பார்க்கவும் கூடாது. ஊர்ப் பிள்ளைகள் பழையபடி கைப்பம்புக்குப் போனார்கள். வி.ஏ.ஓ. செல்வராஜுக்குத்தான் பெரிய பேஜாராகப் போய்விட்டது. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமானால் அந்த மரத்துக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதென்று அவர் சான்று கொடுக்க வேண்டும். அவர் தோப்பு தோப்பாகப் போய் மரத்தை அண்ணாந்து பார்த்து, "பாத்தா சின்னதா கீதே" என்று இழுப்பார். மரத்துக்காரர், "இல்ல சார், வளத்திதான் கம்மி, வயசு ஆவுது" என்று சத்தியம் பண்ணுவார்.

கன்னியம்மா ஜானகிராமனைப் பார்க்கப் போனாள்.

"சார், என் நாத்துக்குத் தண்ணி வுட மாட்டேங்கறாங்க."

"நாற்றுக்கு என்ன வயது?"

"வெதைச்சு இருவது நாளு சார்."

"மைனர்" என்றார் ஜானகிராமன்.

"இன்னாது?"

"சட்டப்படி அந்த நீரை அதற்குக் கொடுக்கக் கூடாது அம்மா. நான் சொல்லவில்லை. சான்றிதழ் சொல்கிறது."

"அப்போ பதினெட்டு வருஷம் கழிச்சு நடவு நடறதா?"

அவர் கையிலிருந்த சுற்றறிக்கையை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதற்குத் தடை ஒன்றும் இல்லை."

கன்னியம்மா வெளியே வந்து கொஞ்ச நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் ஊரைக் கூட்டினாள். ஊரே திரண்டு போய் மனு கொடுத்தது: எங்கள் மழைக்கு எல்லோரும் பார்க்கத் தகுந்த 'யு' சான்றிதழ் கொடுங்கள்.

அதிகாரிகள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. மனுவைக் கனிவோடு பரிசீலித்தார்கள். படப் பெட்டியை வாங்கிக்கொண்டு போய், உரியவர்களிடம் காட்டி, ஆட்சேபணைக்குரிய பகுதியை நீக்கி, 'யு' சான்றிதழோடு திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீக்கிய பகுதி அந்தப் பாட்டு. வெட்டிய துண்டை விதிப்படி எரிக்கப் போனார்கள், அது பற்றவில்லை. ஈரமாக இருந்தது. வெயிலில் காயப் போட்டு எரித்தார்கள்.

"இனிமேல் இந்தப் படத்தின் நீரைக் கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம்" என்று ஜானகிராமன் எல்லப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தூய்மையாக்கப்பட்ட மழையின் தொடக்க விழாவுக்குப் பெரிய பெரிய அதிகாரிகள் வந்தார்கள். பின் வரிசைச் சேர்களில் குடையோடு உட்கார்ந்தார்கள். தரையில் ஊர் ஜனம், குடத்தோடு. வரதன் படத்தைப் போட்டான். இன்டர்வெல் முடிந்தது. நாயகன் வானத்தைப் பார்த்தான். அடுத்த காட்சியில் இரண்டு பேரும் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

 படம் கடைசி வரை ஓடியது. நாயகனும் நாயகியும் சேர்ந்துவிட்டார்கள் என்பது தாழையூருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருத்தருக்கும் அதில் சந்தோஷம் இல்லை.

"எங்க சார் மழை?" என்று கேட்டாள் பூங்கொடி.

அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அங்கேதான் ஒரு சிக்கல். நீருக்குச் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. சான்றிதழ் பெற்ற ஒரு பொருள் இல்லை என்று சொன்னால், இல்லாத பொருளுக்கு யார் சான்றிதழ் கொடுத்தது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி யாருக்கும் நல்லதல்ல. ஆகவே அன்றைய அறிக்கையை ஜானகிராமன் இப்படி முடித்தார்: 'படம் திரையிடப்பட்டது. துண்டிக்கப்பட்ட பகுதியின் முன்னும் பின்னும் உள்ள காட்சிகளை உத்தேசித்துப் பார்க்கையில், இடையில் பலத்த மழை பெய்ததாகக் கருதப்படுகிறது.'

பலத்த மழை பெய்த ஊரை வறட்சிப் பட்டியலில் வைத்திருக்க முடியுமா? தாழையூரின் பெயரை அடித்தார்கள். வாரம் ஒரு தடவை வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியும் நின்றது.

ஏரியில் மிச்சமிருந்த தண்ணீர் சேறாகி, சேறு காய்ந்து, பழையபடி வெடித்தது. தவளை போன இடம் தெரியவில்லை. கன்னியம்மா கைப்பம்பிலிருந்து மறுபடி குடம் சுமந்தாள். கைப்பம்பும் ஒருநாள் காற்றை மட்டும் கொடுத்தது. நாற்று முதலில் நுனி வெளுத்தது, அப்புறம் மஞ்சளானது, அப்புறம் கையில் எடுத்தால் ஒடிந்தது. அவள் அதைப் பிடுங்கவில்லை. தினமும் பொழுது சாயும்போது போய் வரப்பில் உட்கார்ந்து, படுத்துக்கிடக்கும் ஒருத்தரைப் பார்த்துவிட்டு வருவதுபோலப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஊர் ஜனங்கள் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் போய் மறியல் பண்ணினார்கள். ஜானகிராமன் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"எனக்கு மட்டும் ஆசையா? வறட்சி நிவாரணம் கொடுக்க என்னால் முடியாது. உங்கள் ஊரில் பலத்த மழை."

"எங்க சார் பேஞ்சுது?" என்று எகிறினான் எல்லப்பன். "நீயே வந்து பாரு. ஏரில எறங்கினா கால் உள்ள போவுது, அம்மாம் பெரிய வெடிப்பு!"

"நான் பார்ப்பதில் என்ன இருக்கிறது? பதிவாகி இருப்பதை நான் பார்த்து அழித்துவிட முடியுமா?" அவர் கொஞ்சம் யோசித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு வழி இருக்கிறது. பலத்த மழை பெய்திருக்கிறது அல்லவா? வேண்டுமானால் வெள்ள நிவாரணம் கேளுங்கள்."

ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். இவர் கேலி பண்ணுகிறாரா என்று தேடினார்கள். அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. முதலில் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டவன் எல்லப்பன்.

"சார், என் கொட்டாயில பாதிய வெள்ளம் இஸ்துகினு பூட்சு" என்றான்.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை யாரும் சும்மா இல்லை. ஒருத்தருடைய ஆடு மிதந்தது. இன்னொருத்தருடைய வைக்கோல் போர் கடப்பாக்கம் கடல் வரைக்கும் போய்விட்டது. கட்டில் போனது, கட்டிலோடு சேர்ந்து மாமியார் போய், மாமியார் மட்டும் திரும்பி வந்துவிட்டார். சொல்லச் சொல்ல அவரவருக்கே தங்கள் நஷ்டம் பெரிதாகத் தெரிந்தது. ஆட்டை இழந்தவர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆடு அவர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது.

கன்னியம்மா மட்டும் பெயர் கொடுக்கவில்லை.

"என் நாத்து காஞ்சு செத்துச்சு. முழுவிச் சாவல" என்றாள்.

பூங்கொடி அவளைத் தனியே கூப்பிட்டுப் போனாள். "யக்கா, நீ ஒருத்தி காஞ்சுதுன்னு சொன்னா ஊருக்கே போயிடும். எல்லாரும் முழுவினப்போ ஒன் நெலம் மட்டும் எப்பிடிக் காயும்னு கேப்பாங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"இல்லக்கா. வெள்ளத்த சொல்லு. அவ்ளோதான்."

விசாரணையைக் கொட்டகையிலேயே வைத்தார்கள். ஊரில் அத்தனை பேரும் உட்கார வேறு இடம் இல்லை. திரைக்கு முன்னால் ஒரு மேஜை போட்டு ஜானகிராமன் உட்கார்ந்தார். பக்கத்தில் செல்வராஜ். பாதிக்கப்பட்டவர்கள் மணலிலும் பெஞ்சிலும். ஆட்கள் உட்கார்ந்ததும் வரதன் பழக்கதோஷத்தில் விளக்கை அணைத்துவிட்டான். மேஜை மேல் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது.

கடைசியில் கன்னியம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றாள். திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். 

"பட்டப்பகலுதான் சார்" என்று ஆரம்பித்தாள். "வரப்புல குந்திகினு இருந்தேன். மொதல்ல வாசனை வந்துச்சு. மண்ணு வாசனை. அப்பால சத்தம். தூரத்துல யாரோ அரிசி பொடைக்கிற மாதிரி. திரும்பிப் பாத்தா தண்ணி வந்துகினு கீது. கெழக்கால இருந்து வருதா, மேக்கால இருந்து வருதான்னு தெர்ல. எல்லாப் பக்கமும் வருது. என் காலைத் தொட்டுச்சு. ஜில்லுனு இருந்துச்சு சார். ரெண்டு வருஷம் ஆச்சு அந்த ஜில்லு பாத்து."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"ஓடணும்னு தோணல. எதுக்கு ஓடணும்? முட்டி வரைக்கும் ஏறிச்சு. வெடிப்பெல்லாம் குடிச்சுது. மடக் மடக்குனு குடிக்கிற சத்தம் கேட்டுது எனக்கு. நாத்து மேல தண்ணி ஏறிச்சு. அடியில பச்சை தெரிஞ்சுது, கண்ணாடிக்குள்ள வெச்சாப்ல. நான் கைய வுட்டுத் தடவிக் குடுத்தேன். எல்லாம் உயிரோட இருந்துச்சு சார். ஒவ்வொண்ணும் உயிரோட இருந்துச்சு. அப்பால..."

 அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் எப்போதோ கால்களைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தார்கள். தரையில் இருந்தவர்கள் எழுந்து நின்று புடவையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பூங்கொடி தேம்பித் தேம்பி அழுதாள். அந்தக் கொட்டகையில் இத்தனை வருஷம் ஓடிய எந்தப் படத்துக்கும் அவள் அப்படி அழுததில்லை. வரதன் விளக்கைப் போட்டபோது, ஜானகிராமன் தம் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். மெல்லக் கீழே வைத்துப் போட்டுக்கொண்டார்.

"வெள்ளப் பாதிப்பு நிரூபணமாகிறது" என்றார்.  "இனி ஒன்றுதான் பார்க்க வேண்டும். வெள்ளம் வடிந்துவிட்டதா?"

எல்லோரும் அவரை ஏரிக்கு அழைத்துப் போனார்கள். அவர் கரை மேல் நின்று, எட்டிய தூரம் வரை வெடித்துக் கிடந்த தரையைப் பார்த்தார். ஒரு வெடிப்பில் வெயிலுக்குக் கொண்டுவந்த குடையை விட்டுப் பார்த்தார்; பிடி வரை உள்ளே போயிற்று.

"பிரமாதம்" என்றார். "ஒரு சொட்டு கூட இல்லை. இவ்வளவு சுத்தமாக வெள்ளம் வடிந்த ஊரை என் சர்வீஸில் பார்த்ததில்லை. நாளைக்கு மேலிடத்துக் குழு வருகிறது. ஏரி இப்படியே இருக்க வேண்டும். எங்கேயாவது ஈரம் தெரிந்தால், வெள்ளம் இன்னும் வடியவில்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்."

"ஈரமா? இந்த ஊர்லயா?" என்று சிரித்தான் எல்லப்பன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காற்று மாறியது. கடற்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்து வேட்டிகளைப் படபடக்க வைத்தது. திரும்பிப் பார்த்தார்கள். கிழக்கு வானம் கன்னங்கரேலென்று கிடந்தது. மாமல்லபுரம் பக்கத்திலிருந்து கடப்பாக்கம் வரைக்கும் ஒரே மேகம். அது மெதுவாக ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

செல்வராஜ் ஜானகிராமன் பக்கம் ஓடி வந்தார். "சார், இன்னா சார் இது?"

"இப்போது பெய்தால் இதைக் கணக்கில் காட்டுவதற்குக் கோப்பில் எந்தத் தலைப்பும் இல்லை" என்றார் ஜானகிராமன். அவர் குடையை இறுகப் பிடித்திருந்தார். ஆனால் விரிக்கவில்லை. விரித்தால் ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கினா போதும்" என்றான் எல்லப்பன். தோளிலிருந்த துண்டை உருவி வானத்தைப் பார்த்து வீசினான். "ஏய்! போ! அப்பால வா, போ!"

அடுத்த நிமிஷம் ஊரே கரை மேல் ஏறி நின்று துண்டையும் முந்தானையையும் வீசியது. "போ! போ!" என்று, களத்தில் காயும் நெல்லுக்கு வரும் காக்கையை விரட்டுகிற மாதிரி விரட்டியது. பூங்கொடி இரண்டு குடங்களை ஒன்றோடொன்று மோதிச் சத்தம் எழுப்பினாள். ஆடு போனவர் தம் ஆட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வீசினார்.

கன்னியம்மா ஒதுங்கி நின்றாள். அவள் வாய் 'வா' என்று சொல்லத்தான் திறந்தது. எல்லோரும் அவளையே திரும்பிப் பார்த்தார்கள்.

"போ" என்றாள்.

அப்போது ஒரு சொட்டு, பெரிய சொட்டு, அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவள் சட்டென்று விரல்களை மூடிக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா கையில்?" என்று ஜானகிராமன் திரும்பினார்.

"ஒண்ணுமில்ல சார்."

மேகம் கொஞ்ச நேரம் அங்கேயே தயங்கி நின்றது. பிறகு வந்த வழியே திரும்பிப் போயிற்று. கடலுக்கு மேல் போய்ப் பெய்ய ஆரம்பித்ததை, வெள்ளைத் திரை தொங்குவது போல ஏரிக்கரையிலிருந்தே எல்லோரும் பார்த்தார்கள்.

தாழையூர் முழுக்கக் கைதட்டியது. ஜானகிராமனும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். தட்ட முடியாமல் நின்றவள் கன்னியம்மா ஒருத்திதான். அவளுடைய ஒரு கை மூடியே இருந்தது.